ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ.: நம் பிள்ளைகள் படிப்பது என்ன?

 

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மே மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்த நேரம். நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு தந்தை தம் மகளுடன் வந்தார். பல்லாவரத்தில் ஒரு கடையில் அவருக்கு வேலை. மகள் பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பில் தேறியிருந்தார். எம்.ஏ. சேர முதலாண்டுக் கட்டணத்துக்கு உதவி கேட்டு விண்ணப்பம் கொண்டு வந்திருந்தார்கள்.

“பாய், இவ நல்லா படிக்கிறா. ஆனா என்ன படிக்கிறான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது” என்றார் அந்தத் தந்தை. உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் அன்று சொல்லத் தெரியவில்லை.

கல்விக் குழுக் கூட்டத்தில் அந்த விண்ணப்பம் வந்தபோது மூன்று கேள்விகள் எழுந்தன. இங்கிலீஷ் பேசக் கற்க இரண்டு வருடம் எதற்கு? கதையும் கவிதையும் படிப்பதால் ஈமானுக்குக் கேடு வராதா? படித்து முடித்தால் வேலை கிடைக்குமா? பதில் தெரியாததால் அடுத்த மாதம் பார்ப்போம் என்று ஒத்திவைத்தோம். அன்றே வந்த நர்சிங், இன்ஜினியரிங் விண்ணப்பங்களுக்கு ஐந்து நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்தோம். அடுத்த கூட்டம் தள்ளிப்போனது. நாங்கள் முடிவெடுத்தபோது கல்லூரியில் சேர்க்கை முடிந்துவிட்டது. அந்தப் பெண் ஒரு வருடம் வீட்டில் சிறுவர்களுக்கு ட்யூஷன் எடுத்துக்கொண்டு காத்திருந்தார். அல்ஹம்துலில்லாஹ், மறு ஆண்டு சேர்ந்துவிட்டார். ஆனாலும் போன வருடம் போனதுதான். அந்தத் தவறு எங்களுடையது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து விசாரித்தோம். பேராசிரியர்களிடம் கேட்டோம், பாடத்திட்டங்களை வாங்கிப் பார்த்தோம், படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுடன் பேசினோம். அந்த மூன்று கேள்விகளுக்கும் எங்களுக்குக் கிடைத்த பதில்களை இந்த இதழில் பாடமாகத் தருகிறோம்.

1. இது இங்கிலீஷ் பேசக் கற்கும் படிப்பா?

மொழிப் பயிற்சிக்கு வேறு வகுப்புகள் இருக்கின்றன. எம்.ஏ. என்பது நான்கு பருவங்கள் கொண்ட இரண்டாண்டு ஆய்வுப் படிப்பு. ஷேக்ஸ்பியர் முதலான பிரிட்டிஷ் இலக்கியம், அமெரிக்க இலக்கியம், இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதியவை, ஆப்பிரிக்க, கரீபிய எழுத்துகள், மொழியியல், இலக்கியத் திறனாய்வு, மொழிபெயர்ப்பு என்று பாடங்கள் உண்டு. இன்று பல இடங்களில் சினிமா, பத்திரிகை, விளம்பரம், பண்பாட்டு ஆய்வு ஆகியவையும் இதில் சேர்ந்துவிட்டன.

இந்தப் படிப்பு நம் நாட்டுக்கு வந்த வரலாறு கொஞ்சம் கசப்பானது. 1835-இல் மெக்காலே எழுதிய குறிப்புக்குப் பின் ஆங்கிலக் கல்விக்கு அரசு ஆதரவு கிடைத்தது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. இங்கிலாந்துக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் ஒரு தனிப் பாடமாக வேரூன்றும் முன்பே, இந்தியாவில் அது பாடமாகிவிட்டது. ஆளப்படும் மக்களின் மனத்தை வசப்படுத்த அது எப்படிப் பயன்பட்டது என்பதைக் கௌரி விஸ்வநாதன் 1989-இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் விளக்கினார். அவரே ஆங்கில இலக்கியம் கற்றவர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆளப்பட்டவர்கள் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கவில்லை. நைஜீரியாவின் சினுவா அச்சிபி 1958-இல் தம் மக்களின் கதையைத் தம் பார்வையிலிருந்து ஆங்கில நாவலாக எழுதினார். கென்யாவின் கூகி வா தியாங்கோ 1968-இல் இரண்டு தோழர்களுடன் சேர்ந்து, நைரோபி பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத் துறையையே கலைத்துவிட்டு ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வைக்க வேண்டும் என்று கோரினார். இப்போது எம்.ஏ. படிக்கும் பிள்ளைகள் மெக்காலேயையும் படிக்கிறார்கள், அவருக்குச் சொல்லப்பட்ட பதில்களையும் படிக்கிறார்கள்.

இதில் நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒருவர் எட்வர்ட் சயீத். 1935-இல் ஜெருசலேமில் பிறந்த பாலஸ்தீனக் கிறிஸ்தவர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் ஒப்பிலக்கியமும் கற்பித்தவர். மேற்குலகின் நூல்களும் ஆய்வுகளும் கீழை நாடுகளையும் அரபுகளையும் முஸ்லிம்களையும் எப்படி ஒரே அச்சில் வார்த்துக் காட்டின என்பதை 1978-இல் ‘ஓரியண்டலிசம்’ என்ற நூலில் ஆராய்ந்தார். 1981-இல் வந்த இன்னொரு நூலில், அமெரிக்கப் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் இஸ்லாத்தைக் காட்டும் விதத்தையே எடுத்துக்கொண்டார். நாம் மேடைகளில் குமுறிச் சொல்வதை உலகப் பல்கலைக்கழகங்கள் மறுக்க முடியாத வகையில் நிறுவியவர் ஓர் ஆங்கில இலக்கியப் பேராசிரியர். நாவல்களை வரி வரியாகப் படித்த பயிற்சிதான் அவருக்கு அதற்குக் கைகொடுத்தது.

2. செய்தியை வாசிக்கும் கலை

ஒரு சிறு உதாரணம். “கலவரத்தில் இருவர் பலியானார்கள்” என்று ஒரு தலைப்பு. “போலீசார் சுட்டதில் இருவர் பலி” என்று இன்னொன்று. நடந்தது ஒன்றுதான். முதல் வாக்கியத்தில் செய்தவர் யார் என்பது மறைந்துவிட்டது. எந்த வார்த்தை எங்கே வைக்கப்பட்டது, எது விடப்பட்டது, எந்தப் படம் தேர்ந்தெடுக்கப்பட்டது, யாருடைய வாக்குமூலம் முதலில் வந்தது என்று கேட்கப் பழக்குவது இந்தப் படிப்பின் அன்றாட வேலை.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. ஹதீஸ் கலையில் ஒரு செய்தி வந்தால், அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா, அவருடைய நினைவாற்றலும் நேர்மையும் எப்படி என்று நம் இமாம்கள் துருவித் துருவிப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட மரபில் வந்த நாம், வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே அடுத்தவருக்கு அனுப்புகிறோம். கல்லூரியில் இதைப் படித்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் நம் கையும் கொஞ்சம் தயங்கும்.

பார்ப்பவர் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஸ்டூவர்ட் ஹால், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1964-இல் தொடங்கிய பண்பாட்டு ஆய்வு மையத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர். தொலைக்காட்சி சொல்வதை மக்கள் மூன்று விதமாக எடுத்துக்கொள்ள முடியும் என்று 1973-இல் எழுதினார்: அப்படியே ஏற்பது, பாதி ஏற்றுப் பாதி விலக்குவது, எதிர்த்து வாசிப்பது.

நம் வீட்டுக் கூடத்தில் இதைப் பார்க்கலாம். ஒரு சினிமாவில் பாங்கு ஓசை வருகிறது, அடுத்த நொடி குண்டு வெடிக்கிறது. ஒரு பிள்ளை பேசாமல் பார்க்கிறான். இன்னொருவன், “ஹீரோவோட ஃப்ரெண்டும் முஸ்லிம்தானே, சரியாப் போச்சு” என்கிறான். மூன்றாவது பிள்ளை, “வெடிக்கிறதுக்கு முன்னாடி ஏன் எப்பவும் பாங்கு?” என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியை ஆதாரத்தோடு, கோபத்தில் வார்த்தை தவறாமல், பிறரும் ஒப்புக்கொள்ளும்படி எழுதக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் படிப்பு.

2020-ஐ நாம் மறந்துவிடவில்லை. கொரோனா பரவிய நாட்களில் தப்லீக் ஜமாஅத்தினர் மீது ஊடகங்களில் எழுந்த பழியால், நம் பகுதியில் காய்கறி வண்டி தள்ளியவர்கள் கூட முகச்சுளிப்பைச் சந்தித்தார்கள். அந்த ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, 29 வெளிநாட்டினர் மீதான வழக்கை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்கலாம் என்றும், அவர்களுக்கு எதிராக ஊடகங்களில் பெரும் பிரச்சாரம் நடந்தது என்றும் தீர்ப்பில் சொன்னது. பழி வந்தபோது நாம் துஆ செய்தோம், வேதனைப்பட்டோம். ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு உடனே ஒரு நல்ல மறுப்புக் கட்டுரை எழுத நம் மஹல்லாவில் எத்தனை பேர் இருந்தோம் என்று எண்ணிப் பார்த்தால் தலை குனிய வேண்டியிருக்கிறது.

3. ஈமானுக்குக் கேடு வராதா?

கவலை நியாயமானது. ஆங்கில இலக்கியத்தில் மது உண்டு, காதல் உண்டு, இறைமறுப்பும் உண்டு. ஆனால் நம் அரபி மதரஸாக்களின் பாடத்திட்டத்தைப் பாருங்கள். அறியாமைக் காலத்துக் கவிஞர்களின் ‘முஅல்லகாத்’ அங்கே பாடமாக இருக்கிறது. இம்ரஉல் கைஸின் கவிதையில் மதுவும் காதலும் இல்லையா? குர்ஆனின் அரபியை ஆழ்ந்து அறிய அந்தக் கவிதையும் வேண்டும் என்று நம் உலமாக்கள் அதைக் காத்து வந்தார்கள். படிப்பது வேறு, பின்பற்றுவது வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்கும் அதே அளவுகோல் போதும். வீட்டில் தொழுகையும் ஓதலும் பேச்சும் இருக்கட்டும். பிள்ளை வகுப்பில் படித்ததைப் பற்றிக் கேட்டால், “இதெல்லாம் படிக்கிறியா?” என்று முகம் சுளிக்காமல் உட்கார்ந்து கேளுங்கள். பேச இடமில்லாத வீட்டில்தான் குழப்பம் வளர்கிறது.

நம்மில் பலர் வீட்டு அலமாரியில் மர்மடியூக் பிக்தாலின் ஆங்கிலக் குர்ஆன் மொழிபெயர்ப்பு இருக்கும். 1930-இல் வெளிவந்தது. அவர் இஸ்லாத்தைத் தழுவும் முன்பே ஆங்கில நாவலாசிரியராகப் பெயர் பெற்றிருந்தார். கதை எழுதிப் பழகிய கை அந்தப் பணிக்கு உதவியது. அவர் 1927-இல் நம் சென்னைக்கு வந்து இஸ்லாமியப் பண்பாடு பற்றி ஆங்கிலத்தில் சொற்பொழிவுகள் ஆற்றினார். அல்லாமா இக்பால் 1929 ஜனவரியில் இங்கே வந்து ஆங்கிலத்தில் ஆற்றிய உரைகள், பின்னர் அவருடைய புகழ்பெற்ற நூலின் பகுதிகளாயின.

இன்னொரு செய்தி நம் பெண் பிள்ளைகளுக்காக. வங்காளத்தின் பேகம் ரொக்கையா (1880–1932) சிறு வயதில் பள்ளிக்கு அனுப்பப்படாதவர். வீட்டார் உறங்கிய பின் அண்ணன் சொல்லிக்கொடுக்க, இரவில் ஆங்கிலம் கற்றார். அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதை முதலில் அச்சானது 1905-இல். எங்கே என்று நினைக்கிறீர்கள்? நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் பத்திரிகையில். பின்னாளில் ரொக்கையா முஸ்லிம் பெண்களுக்காகக் கல்கத்தாவில் பள்ளி நடத்தினார். வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை அனுப்பும்படி கேட்டார். நூறு ஆண்டுகளுக்கும் முன் இந்த ஊர் ஒரு முஸ்லிம் பெண்ணின் ஆங்கில எழுத்துக்கு இடம் கொடுத்தது. இன்று நாம் ஒரு பெண்ணின் விண்ணப்பத்தை ஒத்திவைத்தோம்.

4. வேலை கிடைக்குமா?

பொய்யான ஆசை காட்ட மாட்டோம். எம்.ஏ. முடித்த அடுத்த மாதமே பெரிய சம்பளம் வரும் படிப்பு இதுவல்ல. வழிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் இன்னொரு படி ஏற வேண்டும்.

பள்ளி ஆசிரியர்: எம்.ஏ.வுடன் பி.எட். வேண்டும். அரசுப் பள்ளிகளில் முதுகலை ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்துகிறது.

கல்லூரி ஆசிரியர்: எம்.ஏ.வில் 55 சதவீதம் வேண்டும். கிரீமி லேயருக்குள் வராத ஓ.பி.சி. பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. அதோடு நெட் அல்லது செட் தேர்வில் தேற வேண்டும், அல்லது விதிப்படியான பிஎச்.டி. வேண்டும். நெட் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கும். இரண்டு தாள்கள், மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் மேல்நிலையில் தேறுவோருக்கு ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை கிடைக்கும். 2023 முதல் அது மாதம் 37,000 ரூபாய். சிறுபான்மையினருக்கென இருந்த மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை 2022–23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டதால், ஜே.ஆர்.எஃப். மீது நம் பிள்ளைகள் இன்னும் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். எம்.ஏ. முதல் பருவத்திலிருந்தே அதற்குப் படிப்பது நல்லது.

எழுத்துத் துறை: பத்திரிகை, பதிப்பகம், பிழைதிருத்தம், சினிமா வசன எழுத்து, பழைய மாமல்லபுரம் சாலைக் கம்பெனிகளில் தொழில்நுட்ப விளக்கங்கள் எழுதுவது ஆகியவை இதில் அடங்கும். பத்திரிகைத் துறையை முறையாகக் கற்க விரும்பினால், நமக்கு அருகில் தரமணியிலேயே ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் இருக்கிறது.

மொழிபெயர்ப்பு: இதில் நம் சமுதாயத்துக்கு ஒரு கடமையே இருக்கிறது. தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ 1997-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. கவிக்கோ அப்துல் ரகுமானின் ‘ஆலாபனை’ 1999-இல் பெற்றது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் முதல் இன்றைய சிறுகதைகள் வரை, தமிழ் முஸ்லிம் எழுத்து பெரும் கடல். அதை ஆங்கில உலகத்துக்குக் கொண்டுசெல்ல, இரண்டு மொழியும் நம் வாழ்க்கையும் தெரிந்தவர்கள் தேவை. ‘மச்சி’, ‘நிக்காஹ்’, ‘கத்தம்’ என்ற சொற்களுக்குள் என்ன இருக்கிறது என்று அகராதியைப் பார்க்காமலே தெரிந்த பிள்ளை நம் வீட்டில்தான் இருக்கிறாள்.

5. எங்கே, எப்படிச் சேர்வது?

சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. ஆங்கிலத் துறைக்குப் பெயர் பெற்ற அந்தக் கல்லூரி, குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர் பிள்ளைகளுக்கு ஒரு மின்சார ரயில் பயணத்தில் இருக்கிறது. நம் சமுதாயப் பெரியோர் உருவாக்கிய நிறுவனங்களும் நகரில் உண்டு: ராயப்பேட்டையில் 1951-இல் தொடங்கிய நியூ காலேஜ், பெண்களுக்காக நீதிபதி பஷீர் அகமது சயீத் முயற்சியில் 1955-இல் எழுந்து, இன்று அவர் பெயரையே தாங்கும் தேனாம்பேட்டைக் கல்லூரி. திருமணமாகி நேரம் கிடைக்காத சகோதரிகளுக்கு இக்னோவின் தொலைநிலை எம்.ஏ. ஆங்கிலம் இருக்கிறது.

விண்ணப்பிக்கும் முன் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கலாம். கட்டணம் பெரிதும் மாறுபடும். எந்தப் பிரிவு என்று நேரில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இரண்டு, சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கான சான்றிதழ் மாநில நிறுவனங்களுக்கு உதவும். மத்தியப் பல்கலைக்கழகம், நெட் தேர்வு ஆகியவற்றுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். அதற்கு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் வருமான வரம்பு உண்டு. மத்தியப் பட்டியலில் உங்கள் பிரிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு ஓட வேண்டாம்.

மூன்று, கைடு புத்தகத்தை மட்டும் நம்பி இந்தப் படிப்பில் கரைசேர முடியாது. சேரும் முன் இரண்டு ஆங்கில நாவல்களையாவது முழுமையாகப் படித்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் வேறு படிப்புக்குப் போவதில் தவறில்லை.

எங்கள் முடிவு

கல்விக் குழுவில் இரண்டு தீர்மானங்கள் செய்துள்ளோம். இனி கலை, இலக்கிய, ஊடகப் படிப்புகளின் முதுகலை விண்ணப்பங்களும் தொழிற்கல்வி விண்ணப்பங்களோடு ஒரே வரிசையில் பார்க்கப்படும். சேர்க்கைக் காலத்தில் எந்த விண்ணப்பத்துக்கும் பத்து நாட்களுக்குள் ஆம், இல்லை என்று பதில் தரப்படும். இல்லை என்றாலும் உடனே சொன்னால், அந்தக் குடும்பம் வேறு வழி தேடிக்கொள்ளும்.

வீட்டில் பேசிப் பார்க்க: இந்த வாரம் ஒரே செய்தியை இரண்டு நாளிதழ்களில் வாசியுங்கள். தலைப்பில் என்ன வேறுபாடு? யாருடைய பேச்சு முதலில் வருகிறது? யாருடைய பேச்சே வரவில்லை? பிள்ளைகளைச் சொல்லவிட்டுப் பெரியவர்கள் கேளுங்கள்.

அந்தப் பெண் இப்போது முதலாண்டை முடித்துவிட்டார். சென்ற மாதம் ரசீது கொடுக்க வந்தபோது தந்தையும் கூட வந்திருந்தார். “இப்ப என்ன படிக்கிறான்னு தெரியுமா?” என்று கேட்டோம். “ராத்திரி சாப்பிடும்போது சொல்லுவா பாய். நேத்து பேப்பரைக் காட்டி, இதுல யார் பேசுறாங்க பாருங்க அத்தான்னு கேட்டா. நான் இப்ப பேப்பரை ரெண்டு தடவை படிக்கிறேன்” என்றார்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக. அவர்களைக் காக்க வைக்காத மனத்தை நமக்கும் தருவானாக. ஆமீன்.

– செயலாளர், நிர்வாகக் குழுவுக்காக